பதில் கேட்க ஓர் ஆணையம்

1993 மார்ச் மாதம். முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியை நகைத் திருட்டுப் புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். குறவர் சமூகத்துக்காரர். தேடிப்போன மனைவி, கணவர் அடிபட்டுக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தார். அதன் பிறகு போலீசார் அவரிடம் சொன்ன பதில், ஆள் தப்பி ஓடிவிட்டார் என்பது. ஓடியவர் வீட்டுக்கு வரவே இல்லை. ஜெயங்கொண்டம் பக்கம் மீன்சுருட்டியில் ஓர் அடையாளம் தெரியாத உடலாகக் கிடந்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ல் மனித உரிமைகள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 30-ல், பழைய தென்னாற்காடு பிரிந்து நம்முடைய கடலூர் மாவட்டம் பிறந்தது. அக்டோபர் 12-ல் டெல்லியில் தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது. கம்மாபுரத்துக்கும் டெல்லிக்கும் இடையில் ஏழு மாதம்கூட இல்லை.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வேலை முடிந்து மங்கலம்பேட்டையில் பஸ் இறங்கும் தம்பி ஒருவர், டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் விடமாட்டார். 2021-ல் ‘ஜெய் பீம்’ படம் வந்ததிலிருந்து அவருக்கு இந்த வழக்கு தெரியும். ஆணையம் என்றால் என்ன என்பதுதான் பிடிபடவில்லை. அவர் கேட்ட கேள்விகள் எல்லாருக்கும் உரியவை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம், டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

“அண்ணே, போலீசு இருக்கு, கோர்ட்டு இருக்கு, கலெக்டரு இருக்காரு. அதுக்கு மேல இன்னொரு ஆபீசு எதுக்கு?”

தம்பி, உங்கள் சைக்கிள் காணாமல் போனால் ஸ்டேஷனுக்குப் போவீர்கள். உங்களை அடித்ததே ஸ்டேஷன் என்றால் எங்கே போவீர்கள்? புகாரை வாங்கவேண்டியவர் அவர், எஃப்.ஐ.ஆர். போடவேண்டியவர் அவர், விசாரிக்கவேண்டியவரும் அவர். ராஜாக்கண்ணுவின் மனைவி இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார். மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். சென்னையில் வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடினார். உயர் நீதிமன்றம் விசாரணையை உள்ளூர் போலீசிடம் விடாமல் வேறு கைக்கு மாற்றியது. கடலூர் அமர்வு நீதிமன்றத்தில் விடுதலையான காவலர்களைக் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று வருஷம்.

கட்சி கூட நிற்காதிருந்தால், அப்படியொரு வழக்கறிஞர் கிடைக்காதிருந்தால், அந்தப் பெண்ணின் அழுகை முதனையைத் தாண்டியிருக்காது. ஆள் பலமோ பணமோ இல்லாத ஒருவர், ஒரு காகிதம் எழுதி அரசாங்கத்திடம் பதில் கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தாலும் அரசாங்கத்தின் கைக்குள் இருக்கக்கூடாது. ஆணையம் என்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

இது இந்தியா மட்டும் யோசித்த காரியமல்ல. 1991-ல் பாரீசில் பல நாட்டு அமைப்புகள் கூடி, ஒரு தேசிய மனித உரிமை அமைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று சில நெறிகளை வகுத்தன. 1993 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அவற்றை ஏற்றது. பாரீஸ் நெறிகள் என்று அவற்றுக்குப் பெயர். சட்டத்தின் மேல் அமைந்திருக்கவேண்டும், சொந்தப் பணமும் ஆளும் இருக்கவேண்டும், அரசின் சொல்லுக்கு ஆடக்கூடாது, பலதரப்பட்ட மக்களும் அதில் இடம்பெறவேண்டும் என்பவை அவற்றின் சாரம். இலங்கையில் 1996-ன் 21-ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு மனித உரிமை ஆணைக்குழு உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணி நேரத்துக்குள் அந்த ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. பிடிபட்டவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் தவித்த குடும்பங்கள் உள்ள நாட்டில் அந்த ஒரு விதியின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

“மனித உரிமைன்னா எதெதுண்ணே அதுல வரும்?”

சட்டம் நான்கைச் சொல்கிறது. உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம். அரசியல் சட்டம் உறுதிசெய்த, அல்லது சர்வதேச உடன்படிக்கைகளில் உள்ள, இந்திய நீதிமன்றத்தில் நிலைநாட்டக்கூடிய உரிமைகள் இந்த நான்கைச் சுற்றி இருந்தால் அவை ஆணையத்தின் எல்லைக்குள் வரும். பாகுபாடு இதில் மூன்றாவதையும் நான்காவதையும் நேராக அடிக்கிறது. பல நேரம் முதல் இரண்டையும் கொண்டுபோகிறது.

ஒரு நுட்பத்தைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆணையம் பார்ப்பது அரசு ஊழியர் செய்த மீறலை. அல்லது, மீறல் நடந்தபோது தடுக்கவேண்டிய அரசு ஊழியர் காட்டிய அலட்சியத்தை. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வரப்பை வெட்டினால் அது சிவில் வழக்கு. உங்கள் சாதியைச் சொல்லி உங்களை அடித்தார், ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை என்றால், அந்த வாங்காத கை ஆணையத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

இதற்கும் நாம் வெகுதூரம் போகவேண்டாம். விருத்தாசலம் பக்கம் குப்பநத்தம் புதுக்கூரைப்பேட்டை. 2003-ல் சாதி கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் அந்த ஜூலை 8-ல் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் தலித், பொறியியல் படித்தவர். கொன்றவர்கள் ஒரு குற்றம் செய்தார்கள். காவல் நிலையம் இன்னொன்றைச் செய்தது. கொலையை நேரத்தில் பதியவில்லை. பதிந்தபோது நடந்ததைத் திரித்து, முருகேசன் தரப்பையும் குற்றவாளியாக்கியது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது; அதில் காவல் அதிகாரிகள் இருவரும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்பதை உறுதிசெய்தது. ஏறத்தாழ இருபத்திரண்டு வருஷம். கொன்ற கையோடு எழுத மறுத்த கையும் குற்றவாளிக் கூண்டில் நின்றது என்பதற்காக இந்த வழக்கை நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

“அங்க யாருண்ணே உக்காந்திருக்காங்க? கட்சிக்காரங்களா?”

தலைவராக வருபவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்தவராக இருக்கவேண்டும். முதலில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி மட்டும்தான் வரலாம் என்று இருந்தது. அப்படி வந்த முதல் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரும் வரலாம் என்றார்கள். பதவிக் காலம் ஐந்து வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. மனித உரிமையில் அறிவும் அனுபவமும் உள்ள உறுப்பினர்கள் இரண்டிலிருந்து மூன்றானார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். 2024 டிசம்பரில் தலைவராக நியமிக்கப்பட்டவர் மன்னார்குடிக்காரரான வி. ராமசுப்பிரமணியன்.

நியமிப்பது குடியரசுத் தலைவர். பெயரைச் சொல்வது ஆறு பேர் கொண்ட குழு: பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், மாநிலங்களவைத் துணைத் தலைவர், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள். இவர்களோடு, பெண்கள், சிறுபான்மையினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், குழந்தைகள் ஆகியோருக்கான தேசிய ஆணையங்களின் தலைவர்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரும் பதவி வழியாக உறுப்பினர்கள் ஆகிறார்கள். பாகுபாடு எந்த வாசல் வழியாக வந்தாலும் அதை அறிந்த ஒருவர் உள்ளே இருக்கட்டும் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

மாநிலத்துக்கும் ஓர் ஆணையம் உண்டு. தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் 1997 ஏப்ரல் 17-லிருந்து சென்னையில், பசுமைவழிச் சாலையில் இயங்குகிறது. உள்ளூர் போலீஸ், ஆஸ்பத்திரி, பள்ளி, வருவாய்த் துறை என்றால் அங்கேயே மனு கொடுக்கலாம். ஒரே விஷயத்தை ஓர் ஆணையம் கையில் எடுத்துவிட்டால் மற்றது தொடாது. ஆகவே டெல்லிக்கும் சென்னைக்கும் ஒரே மனுவை அனுப்பிவிட்டு இரண்டிலும் காத்திருக்கவேண்டாம்.

“சரிண்ணே. அவங்க கூப்ட்டா எஸ்.பி. வந்துதான் ஆவணுமா?”

ஆமாம். சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. சம்மன் அனுப்பலாம், சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கலாம், எந்த அலுவலகத்திலிருந்தும் கோப்பை வரவழைக்கலாம். விசாரிக்கத் தனிப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. சிறைக்குள் போய்ப் பார்க்கலாம். யாரும் மனு கொடுக்காமலே, பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை வைத்துத் தானே முன்வந்து எடுக்கலாம். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் அனுமதி பெற்று நுழையலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. ஆணையம் பிறந்து இரண்டு மாதம் ஆன கையோடு, 1993 டிசம்பர் 14-ல், நாடு முழுவதும் ஓர் உத்தரவு போனது. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தாலோ பாலியல் வன்முறைக்கு ஆளானாலோ, 24 மணி நேரத்துக்குள் கலெக்டரும் எஸ்.பி.யும் ஆணையத்துக்குத் தகவல் தரவேண்டும். மறைத்தால், மறைக்கும் எண்ணம் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். 1995 ஆகஸ்டில், காவல் மரணத்தின் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுத்து அனுப்பவேண்டும் என்று ஆணையம் எல்லா முதலமைச்சர்களுக்கும் எழுதியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் கைதுக்கான விதிகளை வகுத்தது: கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணியவேண்டும், கைது மெமோவில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் போகவேண்டும். 2005-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, காவல் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்கவேண்டும் என்றானது. 

இப்போது கம்மாபுரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச் மாதத்தில் இந்த விதிகளில் ஒன்றுகூட இல்லை. ஓர் உயிர் போய் ஓர் உடல் அடுத்த மாவட்டத்தில் கிடந்தது. அதை 24 மணி நேரத்துக்குள் யாருக்கும் எழுதிச் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. விதி இருந்தால் அடி விழாது என்று நான் சொல்லமாட்டேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்தபோது இந்த விதிகள் எல்லாம் இருந்தன. விதி செய்வது வேறு. நடந்ததை மூடிவைக்க முடியாதபடி, அடுக்கடுக்காகப் பலர் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லும் நிலையை அது உண்டாக்குகிறது. பொய் சொல்பவர் ஒரே பொய்யைப் பல இடத்தில் சொல்லவேண்டி வருகிறது. வழக்குகள் உடைவது அங்கேதான்.

“ஆணையத்தால யாருக்காவது நல்லது நடந்திருக்காண்ணே?”

நடந்திருக்கிறது. வீரப்பனைத் தேடுகிறோம் என்று தமிழ்நாடு, கர்நாடக அதிரடிப்படைகள் மலை கிராமங்களில் செய்த சித்திரவதைகளை விசாரிக்க, தேசிய ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு போட்டது. முன்னாள் காவல் அதிகாரி சி.வி. நரசிம்மன் அதில் உறுப்பினர். எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் மக்கள் அந்தக் குழுவின் முன் வந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தர ஆணையம் சொன்னது. அந்தப் பணத்தால் எதுவும் ஈடாகாது. ஆனால் அதுவரை ‘வீரப்பனுக்குச் சோறு போட்டவர்கள்’ என்று மட்டும் பேசப்பட்டவர்கள், அரசு இழைத்த கொடுமைக்கு ஆளானவர்கள் என்று அரசின் காகிதத்திலேயே பதிவானார்கள்.

அருணாசலப் பிரதேசத்தில் சக்மா மக்களை வெளியேற்றப் போவதாக மிரட்டியபோது, ஆணையமே மனுதாரராக உச்ச நீதிமன்றம் போனது. குடிமகன் ஆனாலும் ஆகாவிட்டாலும் அங்கே வாழும் ஒவ்வொருவரின் உயிரையும் காப்பது மாநிலத்தின் கடமை என்று 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குஜராத் கலவரத்தின் பெஸ்ட் பேக்கரி கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானபோதும் ஆணையம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2004-ல் அந்த வழக்கு மகாராஷ்டிரத்துக்கு மாற்றப்பட்டு மறுபடி நடந்தது.

வாச்சாத்தியை விட்டுவிடக்கூடாது. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கடத்தல் என்ற பெயரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதிகாரிகள் சாதித்தார்கள். அப்போது இருந்த தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி ஐ.ஏ.எஸ். நேரில் போய் விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கு நகர்ந்தது, 1995-ல் சி.பி.ஐ. கைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 215. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-ல், உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடின. அந்தப் பெண்கள் இருபது வருஷம் சாட்சியில் நின்றார்கள். ஒரு நேர்மையான அதிகாரியின் அறிக்கை அவர்கள் கையில் ஆதாரமாக இருந்தது.

“அப்பறம் ஏண்ணே, ஆணையத்துக்குப் போனா ஒண்ணும் நடக்காதுங்கிறாங்க?”

அதிலும் உண்மை இருக்கிறது, மறைக்கக்கூடாது. ஆணையத்தால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. விசாரணை முடிந்ததும் அது செய்வது பரிந்துரை: இழப்பீடு கொடுங்கள், வழக்குப் போடுங்கள், துறை நடவடிக்கை எடுங்கள். அரசு ஒரு மாதத்துக்குள் தன் கருத்தைத் தெரிவிக்கவேண்டும். தெரிவித்துவிட்டு எதுவும் செய்யாமல் இருந்தால், ஆணையம் உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ நாடவேண்டும். ராணுவம், துணை ராணுவம் மீதான புகார் என்றால் இன்னும் குறுகிய வழிதான். மத்திய அரசிடம் அறிக்கை கேட்டு, அதன்மேல் பரிந்துரை சொல்லலாம்.

2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தப்பி வந்தவர்கள் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்க ஆணையம் சொன்னது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தபோது, தேசிய ஆணையம் தானே முன்வந்து எடுத்தது, குழு அனுப்பியது. அந்த அக்டோபரிலேயே கோப்பை மூடியது. அதைத் திறக்கச் சொல்லி மனித உரிமைக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. தூத்துக்குடிக் குடும்பங்களுக்கு இது ஆறாத வருத்தம். எனக்கும்தான்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், அதை நிறைவேற்றவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது. அரசுக்கு ஒப்புதல் இல்லையென்றால் நீதிமன்றம் போகலாமே தவிர, கோப்பைக் கிடப்பில் போடக்கூடாது. பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையைத் தவறு செய்த ஊழியரிடமிருந்து அரசு வசூலிக்கவும் வழி உண்டு.

உலக அளவிலும் நம் தேசிய ஆணையத்தின் மேல் கேள்வி இருக்கிறது. பாரீஸ் நெறிகளின்படி ஆணையங்களை எடைபோடும் சர்வதேசக் கூட்டமைப்பு 2023-லும் 2024-லும் இந்திய ஆணையத்தின் முதல் தரத் தகுதியைப் புதுப்பிக்காமல் தள்ளிவைத்தது. புலனாய்வில் காவல் அதிகாரிகளை வைத்திருப்பது, ஆணையத்தின் பொதுச் செயலர் பதவிக்கு அரசு அதிகாரியையே அனுப்புவது, உறுப்பினர்களில் பலதரப்பட்டோர் இல்லாதது ஆகியவை அது சொன்ன குறைகள். நியாயமான குறைகள். காவலர் மீதான புகாரைக் காவலரே விசாரித்தால், ஆரம்பத்தில் சொன்ன அதே சுவரில் வந்து முட்டுகிறோம்.

“சில சனங்க மேல மட்டும் ஏண்ணே சந்தேகம் வருது?”

அந்தத் தம்பி இதைக் கேட்டபோது அவர் தன் ஊர்க் குறவர் குடும்பம் ஒன்றை மனதில் வைத்துக் கேட்டார். பதில் பழையது. 1871-ல் வெள்ளைக்காரர்கள் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பிறவியிலேயே திருடர்கள் என்று சில சமூகங்களைப் பட்டியல் போட்டார்கள். சென்னை மாகாணத்துக்கும் 1911-ல் அது விரிந்தது. குறவர்களும் அந்தப் பட்டியலுக்குள் வந்தார்கள். ஊரைவிட்டு ஊர் போக அனுமதி, ராத்திரியில் ஆஜர் என்று வாழ்க்கை முழுக்கக் கட்டுக்காவல். சுதந்திரத்துக்குப் பின், 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதன் இடத்தில் வழக்கமாகக் குற்றம் புரிவோர் சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. காகிதத்தில் சாதிப் பெயர் போய்விட்டது. திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்பதில் பெரிய மாற்றம் இல்லை. அந்தச் சட்டங்களையும் நீக்கவேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. ராஜாக்கண்ணுவைக் கொன்றது லத்தி மட்டுமல்ல, நூறு வருஷமாகப் பழகிய இந்தச் சந்தேகமும்தான். பாகுபாட்டைத் தடுப்பது என்றால் இதைத் தடுப்பது. ஒரு காவலரைத் தண்டிப்பதோடு அது முடிவதில்லை.

ஆகவே வாசல்கள் பலவாக வைக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு அரசியல் சட்டத்தின் 338-ஆம் பிரிவில் ஓர் ஆணையம், பழங்குடியினருக்கு 338-அ பிரிவில் ஓர் ஆணையம். தமிழ்நாட்டில் 2021-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கென்று மாநில ஆணையமும் வந்தது. பெண்கள், சிறுபான்மையினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனி இடங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போடாத ஸ்டேஷன், வருகைப் பதிவேட்டில் சாதி பார்த்து வேலை ஒதுக்கும் பள்ளி, பிரசவ வார்டில் வசவு என்று எதுவாக இருந்தாலும் ஏதோ ஒரு வாசல் இருக்கிறது.

“மனு எப்டிண்ணே எழுதறது? வக்கீலு வேணுமா?”

வேண்டாம். கட்டணமும் கிடையாது; கோர்ட் ஸ்டாம்ப்பும் வேண்டாம். தமிழிலேயே எழுதலாம். பாதிக்கப்பட்டவர்தான் எழுதவேண்டும் என்பதில்லை. அவருக்காக அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர், சங்கத்துக்காரர் யாரும் எழுதலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம், இணையத்தில் பதியலாம். தேசிய ஆணையத்தின் இலவச எண் 14433.

ஆனால் நிறைய மனுக்கள் ஆரம்பத்திலேயே தள்ளுபடி ஆகின்றன. செராமிக் வேலையில் மண்ணைப் பிசையும்போதே கல்லைப் பொறுக்கிவிடுவீர்கள். சூளைக்குள் போனபின் விரிசலை ஒட்ட முடியாது. மனுவும் அப்படித்தான். சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் ஆணையம் எடுக்காது. பெயர் இல்லாத மொட்டைக் கடுதாசியை எடுக்காது. கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் விஷயம், வெறும் சொத்துத் தகராறு, சம்பள உயர்வு, டிரான்ஸ்ஃபர் போன்ற பணி விவகாரம் இவற்றையும் எடுக்காது. 

எழுதவேண்டியது இவ்வளவு. யாருக்கு நடந்தது, எந்தத் தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, எந்த இடம், யார் செய்தார்கள். பெயர் தெரியாவிட்டால் பதவி, ஸ்டேஷன் பெயர், வண்டி எண். பார்த்தவர்கள் யார். முன்பே எங்கே புகார் கொடுத்தீர்கள், அங்கே சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்களா. கடைசியில், என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள். திட்டுவதற்கு ஒரு வரிகூடச் செலவழிக்கவேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் அதுவே பேசும்.

அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்படிக் காயம் என்று டாக்டர் கேட்பார். போலீஸ் அடித்தது என்றால் அதையே சொல்லுங்கள். அவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி என்பார்கள், பத்து சாட்சிக்குச் சமம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். அங்கே ‘அடித்தார்களா’ என்று கேட்கும்போது பயந்து தலையை ஆட்டிவிட்டால், பின்னால் எல்லாம் கடினம். ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆணையத்தோடு நிற்காமல் வழக்கறிஞர் வழியே ஆட்கொணர்வு மனுவும் போடுங்கள். கையில் காசு இல்லையென்றால் தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப்பணிகள் குழு இலவசமாக வக்கீல் கொடுக்கும்.

மனு போனதும் டைரி எண் வரும். அதை எழுதிவையுங்கள். சம்பந்தப்பட்ட துறையிடம் அறிக்கை கேட்டு, அந்த அறிக்கையை உங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பலரும் அந்தக் கவர் வந்ததும் ‘நமக்கு எதிராக எழுதிவிட்டார்கள்’ என்று சோர்ந்து பதில் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கோப்பு மூடப்படுகிறது. போலீஸ் அறிக்கையில் எந்த வரி பொய் என்று வரிவரியாக மறுத்து, குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள். வழக்கின் முதுகெலும்பு உங்கள் முதல் மனு அல்ல, இந்த இரண்டாவது கடிதம்.

தம்பிக்குக் கடைசியாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதனைக்குப் பதின்மூன்று வருஷம், புதுக்கூரைப்பேட்டைக்கு இருபத்திரண்டு, வாச்சாத்திக்கு முப்பத்தொன்று. எங்கேயும் நீதி தானாக வரவில்லை. விடாமல் பதில் கேட்டவர்களிடம் வந்தது. அந்தக் காலத்தைக் குறைக்கத்தான் ஆணையம் என்று ஒன்றை நம் வரிப்பணத்தில் வைத்திருக்கிறோம். காவல் அதிகாரிகளைச் சாராத தனிப் புலனாய்வுப் பிரிவு, எல்லாச் சமூகமும் இடம்பெறும் உறுப்பினர் பட்டியல், பரிந்துரைக்குச் சட்டத்திலேயே கட்டாயம் என்ற மூன்றையும் நாம் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் வாய்திறந்து கேட்கவேண்டும். அதுவரை, இருப்பதை முழுதாகப் பயன்படுத்துவோம். நம் தெருவில் ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால், அந்தச் சமூகம் எது, அவர் திருடினாரா இல்லையா என்று பேசுவதற்கு முன்னால், எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். உயிரோடு நீதிமன்றம் போய்ச் சேரவேண்டியது அவருடைய உரிமை. அதற்குச் சாட்சியாக நிற்கவேண்டியது நம் வேலை.